வார்க்கிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்

மிஸியம்மா பதில்கள்

ஈரலில் கொழுப்பு பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போத்தலைப் பற்றியவை. அதனால் முழங்கால் நோவு, சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் அடுத்த இதழுக்கு. கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 38 வயது, வங்கியில் வேலை. வெள்ளி, சனி இரவுகளில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஆறேழு பேர் ஒரு நண்பனின் வீட்டுப் பின்வளவில் கூடுவோம். ஆளுக்குக் கால் போத்தல் சாராயம், சில நாட்களில் அதற்கு மேலும் போகும். இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு 340. ஸ்கானில் ஈரலில் கொழுப்பு. மூன்று மாதம் தொடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நான் தொடுவதில்லை, ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. இப்போது திருவிழாவும் இல்லை, விரதமும் இல்லை. என்ன சொல்லித் தப்புவது? போகாமல் விட்டால் அந்தக் கூட்டமே இல்லாமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அவர்களை விட்டால் எனக்கு வேறு நண்பர்கள் இல்லை.
– கொக்குவில் வாசகர்

பதில்: தம்பி, கை நடுங்காமல், நித்திரை கெடாமல் 25 நாள் இருந்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் உடம்பு விடத் தயார். இனிச் சமாளிக்க வேண்டியது அந்தப் பின்வளவைத்தான்.

நல்லூரில் கொடி ஏறினால் மச்சமும் போத்தலும் ஒன்றாக வீட்டை விட்டுப் போகும். தீர்த்தம் முடிய இரண்டும் ஒன்றாகத் திரும்பி வரும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதாரகௌரிக்கு 21 நாள், ஐயப்பனுக்கு மாலை, கத்தோலிக்கருக்குத் தவக்காலம் என்று குடிக்காமல் இருக்க எங்கள் ஊரில் இத்தனை அனுமதிச் சீட்டுகள் இருக்கின்றன. முருகனோடு ஒருவரும் வாதாட மாட்டார்கள். டொக்டரோடு வாதாடுவார்கள். "அவை அப்பிடித்தான் சொல்லுவினம், என்ரை மாமா எண்பது வயது மட்டும் குடிச்சவர்" என்று யாராவது தொடங்குவார். எல்லாக் கூட்டத்திலும் அந்த மாமா இருக்கிறார். ஐம்பதில் வயிறு ஊதி, கண் மஞ்சளாகி வார்ட்டில் கிடந்த மாமாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றித்தான் ஒருவரும் கதைப்பதில்லை.

அதனால் வாதத்துக்கே இடம் வைக்காதீர்கள். பொய்க் காரணமும் வேண்டாம். "அன்ரிபயோட்டிக் எடுக்கிறன்" என்பது ஒரு கிழமைக்குத்தான் தாங்கும், பன்னிரண்டு கிழமைக்கு எந்த அன்ரிபயோட்டிக் எடுக்கப் போகிறீர்கள்? உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "ரிப்போட் சரியில்லை, மூன்று மாதம் இல்லை, பிறகு பார்ப்பம்." இவ்வளவும் போதும். ட்ரைகிளிசரைட் என்றால் என்ன, எங்கே உண்டாகிறது என்று விளக்கப் போனால், பின்வளவில் ஏழு டொக்டர்மார் முளைத்துவிடுவார்கள்.

யாரிடம் சொல்வது என்பதுதான் இதில் முக்கியம். எந்தக் கூட்டத்திலும் வார்க்கிறவர் ஒருவர் இருப்பார். போத்தல் அவர் கையில்தான் இருக்கும். கிளாஸ் வெறுமையானதை முதலில் காண்பவரும் அவர்தான். உங்களுக்கு வற்புறுத்தல் வருவது பெரும்பாலும் அந்த ஒரு கையிலிருந்து. வெள்ளிக்கிழமை இரவு எல்லோர் முன்னாலும் அறிவிக்காமல், வியாழக்கிழமையே அவருக்கு மட்டும் போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். "மச்சான், நீதான் பார்த்துக்கொள்ள வேணும்" என்று பொறுப்பை அவரிடமே கொடுங்கள். தனியாக நம்பிச் சொன்னதை எங்கள் ஆட்கள் காப்பாற்றுவார்கள். அடுத்தநாள் யாராவது உங்கள் கிளாஸை நீட்டினால் "அவனை விடு" என்று சொல்ல அவர் இருப்பார்.

போகும்போது உங்களுக்கான சோடாவையும் இரண்டு தேசிக்காயையும் நீங்களே கொண்டு போங்கள். முதல் ஆளாகக் கிளாஸை நிரப்பிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிக்காய்ப் புளியும் கொஞ்சம் உப்பும் போட்ட சோடா நல்ல குடிவகை. பிரஷரும் இருந்தால் உப்பை விட்டுவிடுங்கள். ஆனால் நெல்லிக்கிறஷ், நன்னாரி, ஜிஞ்சர் பியர் என்று இனிப்பாக நாலு கிளாஸ் இறக்காதீர்கள். உங்கள் ஈரலுக்குச் சீனியும் எதிரிதான். சாராயத்தை நிறுத்திவிட்டு மூன்று மாதமும் இனிப்புச் சோடா குடித்தால் ரிப்போட்டைப் பார்த்து நீங்களே ஏமாறுவீர்கள். மிக்சரும் பொரித்த இறைச்சியும் அதே கணக்கில்தான் சேரும். கச்சான் பரவாயில்லை, அதுவும் ஒரு கைப்பிடி.

இனிக் கணக்கு. கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். அதில் சுத்த அற்ககோல் 48 கிராமுக்குக் கிட்ட இருக்கும். 625 மில்லிலீற்றர் சாதாரண லாகர் இரண்டு பெரிய போத்தலிலும் ஏறத்தாழ அதே அளவுதான். 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் என்றால் ஒரு பெரிய போத்தலே கால் போத்தல் சாராயத்துக்குக் கிட்ட வந்துவிடும். "நான் சாராயத்தை விட்டுவிட்டேன், பியர் மட்டும்தான்" என்று சொல்கிற மற்ற வாசகர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். இரவு பதினொரு மணிக்குக் கால் போத்தலை முடித்தவருடைய ஈரல் விடியும் மட்டும் வேலை செய்கிறது. அரைப் போத்தல் என்றால் மறுநாள் மத்தியானமும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். சனிக்கிழமை காலையில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்கு ஏற்றிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். கூட்டம் கைவிட்டுப் போகாது, ஆனால் பின்னிரவு போகும். எங்கள் ஊரில் ஏழு மணிக்குக் கிளாஸ் வரும், பதினொரு மணிக்குத்தான் சோறு வரும். ஒன்பது மணிவரை எல்லோரும் நல்ல கதைகாரர். ஒன்பதரைக்குப் பிறகு சொன்ன கதையே திரும்ப வரும். தெளிவாக இருக்கிறவருக்கு அது பெரிய தண்டனை. அதை இருந்து தாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், கதை சூடாக இருக்கும்போதே "போயிட்டு வாறன்" என்று எழும்பிவிடுங்கள். சாப்பிட்ட வயிற்றுக்கு ஆசையும் குறைவு. எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடுகிற டிரைவர் வேலையையும் ஒவ்வொரு கிழமையும் ஏற்காதீர்கள். முதலில் நன்றி சொல்வார்கள், பிறகு உங்களை நம்பியே கூடுதலாகக் குடிப்பார்கள்.

இன்னொரு வழி, கூட்டத்தின் நேரத்தையே மாற்றுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூழுக்குக் கூப்பிடுங்கள். ஒடியல் கூழ் ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கயர்ப்புப் போக வடிக்க வேண்டும். ஒருவர் நண்டு உடைக்க வேண்டும். இறால் துப்புரவாக்க, பலாக்கொட்டை உரிக்க, பயிற்றங்காய் முறிக்க, மரவள்ளிக்கிழங்கு வெட்ட, செத்தல் மிளகாய் அரைக்க, பிளா கோல என்று ஏழு பேருக்கும் வேலை உண்டு. நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் பொழுதுபட வேர்க்க வேர்க்கக் குடித்து முடித்துவிடலாம். வயிறு முட்டக் கூழ் குடித்தவனுக்குச் சாராயம் இறங்காது. யாராவது போத்தலோடு வருவார்தான், வரட்டும். கை நிறைய வேலை இருக்கிற இடத்தில் யார் கிளாஸில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆண்கள் கூடி ஒரு வேலை செய்வது எங்கள் ஊரில் கலியாணவீட்டோடும் செத்தவீட்டோடும் நின்றுவிட்டது. மற்ற நாட்களில் கூடினால் போத்தல் மட்டும்தான் என்றாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

முதல் கிழமை வெள்ளி, சனி இரவுகளில் நித்திரை பிந்தலாம். குடித்தால் கெதியாக நித்திரை வருவது உண்மை, ஆனால் பின்னிரவில் அதுவே நித்திரையைக் குழப்பும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். பிரஷரும் ட்ரைகிளிசரைட்டும் சில கிழமைகளிலேயே இறங்கத் தொடங்கும். மூன்று மாதம் முடிய, டொக்டர் சொல்கிறபடி வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். பிறகு குடிப்பதா இல்லையா என்பதை அந்தப் புதுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: என் கணவர் ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் குடிக்கிறார். காலையில் கை நடுங்கும், கொஞ்சம் குடித்தால்தான் நிற்கும். குடியை நிறுத்துகிற குளிசை இருக்கிறது, தெரியாமல் கறியில் கலந்து கொடு என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கொடுக்கலாமா?
– வடமராட்சியிலிருந்து ஒரு மனைவி

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஒருபோதும் வேண்டாம்.

அந்தக் குளிசை பெரும்பாலும் டைசல்பிராம். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழும். இதய வருத்தம் உள்ளவர் செத்தும் போகலாம். முழுவதும் விளங்கி, தானே சம்மதித்து, டொக்டரின் கண்காணிப்பில் எடுக்கிறவருக்கு உரிய மருந்து அது. கறியில் கலப்பது நஞ்சு வைப்பது போலத்தான்.

காலையில் நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். இப்படிக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வேர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத ஆட்களைக் கண்டு பேசி, கட்டிலை விட்டு ஓடப் பார்ப்பவர்களும் உண்டு. வேறு வருத்தத்துக்காக வார்ட்டில் படுத்து, குடி கிடைக்காமல் மூன்றாம் நாள் இப்படியானவர்கள் பலர். "பேய் பிடித்துவிட்டது" என்று சொந்தக்காரர் நூல் கட்ட வருவார்கள். ஆகவே அவரைக் கோயிலில் சத்தியம் பண்ண வைத்து அன்றே நிறுத்தச் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே நடுக்கத்துக்கு மருந்து தந்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், வைற்றமின் பி1 கொடுப்பார்கள். "மனநலப் பிரிவு" என்ற பெயருக்கு அவர் பின்வாங்கினால் முதலில் நடுக்கத்தைக் காட்டவென்று வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கதைத்து ஆலோசனை கேட்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. வலிப்பு வந்தால் அல்லது நினைவு குழம்பினால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ்.

கொக்குவில் தம்பிக்குச் சொன்ன தேசிக்காய் சோடா ஆலோசனை எதுவும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இது வேறு வருத்தம்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இங்கே 2013 முதல் ஜனவரி மாதம் முழுவதும் குடிக்காமல் இருக்கிற ஒரு வழக்கம் நடக்கிறது. நானும் இந்த வருடம் செய்தேன், நன்றாக இருந்தது, அப்படியே தொடர்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மச்சான்மார் டியூட்டி ஃப்ரீ போத்தலை எதிர்பார்ப்பார்கள். கொண்டு வராவிட்டால் கஞ்சன் என்பார்கள். கள் இயற்கையானதுதானே, அதையாவது குடிக்கலாமா?

பதில்: கொண்டு வராவிட்டால் கஞ்சன், கொண்டு வந்து குடிக்காவிட்டால் பெரிய ஆள். எப்படியும் ஒரு பட்டம் உறுதி. போத்தலின் காசுக்கு நல்ல சொக்கிலேற்றும் பெண்களுக்கு ஏதாவதும் வாங்கி வாருங்கள். வீட்டுப் பெண்கள் உங்கள் பக்கம் நின்றால் மச்சான்மாரின் சத்தம் தானாக அடங்கும்.

கள் இயற்கைதான், வெறியும் இயற்கைதான். முட்டியில் சொட்டத் தொடங்கும்போதே புளிக்கவும் தொடங்கிவிடும். தவறணைக்கு வரும்போது பியர் அளவுக்கு வந்திருக்கும். ஆசைக்குக் குடிக்கக் கருப்பநீர் இருக்கிறதே. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் புளிக்காது. ஆனால் சீவுகிறவரிடம் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும், காலையிலேயே போய் வாங்க வேண்டும், பனை சுரக்கிற பருவமாகவும் இருக்க வேண்டும். சீனி வருத்தம் இருந்தால் அதுவும் அளவோடுதான்.

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் நான், வயது 27. அலுவலக விருந்துகளில் வைன் குடிக்கப் பழகிவிட்டேன், வீட்டுக்குத் தெரியாது. இப்போது பிடிக்கவில்லை. விட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ?

பதில்: நினைக்கட்டும் பிள்ளை, அதற்குச் சம்பளம் வெட்டமாட்டார்கள். வெயிட்டர் உங்களிடம் வந்து கேட்கும்போது முழுக்குரலில் "லைம் சோடா" என்று சொல்லுங்கள். தயங்கித் தயங்கிச் சொன்னால்தான் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். வீட்டுக்குத் தெரியாது என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் விருந்து முடிந்து தனியாக அறைக்குத் திரும்பிய பிறகும் குடிக்கத் தோன்றினால் அப்போது திரும்ப எழுதுங்கள், வேறு விதமாகக் கதைப்போம்.

கேள்வி: எங்கள் நண்பன் ஒருவன் மூன்று மாதம் நிறுத்தியிருக்கிறான். அவனோடு எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கூப்பிடுவதா, விடுவதா?

பதில்: கொக்குவில் தம்பியின் கூட்டத்து ஆளாக இருந்தால் சந்தோஷம்!

கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவர் முடிவு, கூப்பிடாமல் விடுவது உங்கள் பிழை. ஏனென்று ஒரு தரம் கேட்டால் போதும். "ஒண்டே ஒண்டு" என்று நீட்டாதீர்கள், பகிடிக்கும் அவர் சோடாவில் ஊற்றாதீர்கள். இந்தப் பகிடியால் வந்த சண்டையில் மண்டை உடைந்து தையல் போட வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். சாப்பாட்டை ஒன்பது மணிக்கே வையுங்கள். மூன்று மாதம் முடிந்த அன்று "கொண்டாடுவம்" என்று போத்தலோடு அவர் வீட்டுப் படலையில் போய் நிற்காதீர்கள்.