போன வருஷத்து அலர்ஜி சிரப்பை இப்போது கொடுக்கலாமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு மூன்றரை வயது, 14 கிலோ. ஜனவரி பிறந்ததிலிருந்து காலையில் கண் விழித்ததுமே அடுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், நாள் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். போன வருஷம் டாக்டர் எழுதிக் கொடுத்த செட்டிரிசின் சிரப் பாதி பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது, அதையே ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா, கூடவே சளி சிரப்பும் தரலாமா என்பது கேள்வி. கடைசி வரியில் தயங்கித் தயங்கி இன்னொன்று: அடுத்த வாரம் ராத்திரி பஸ்ஸில் திருநெல்வேலி போகிறார்கள், "ரெண்டு மில்லி கூடக் கொடு, வழியெல்லாம் தூங்கிடுவான்" என்று மாமியார் சொல்கிறாராம்.

மூன்றுக்கும் என் பதில், வேண்டாம். செட்டிரிசின் மோசமான மருந்து என்று அர்த்தமில்லை. அளவு தெரிந்து கொடுத்தால் இந்த வயதுக்கு நல்ல மருந்துதான்.

பழைய பாட்டிலை முதலில் தூக்கிப் போடுங்கள். லேபிளில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கானது. திறந்து ஒரு வருஷம் ஆன சர்க்கரைக் கரைசலை நம்பி எதற்குக் கொடுக்க வேண்டும்? புது பாட்டில் ஒன்றும் பெரிய செலவில்லை.

அடுத்து அந்த 'ஒரு ஸ்பூன்'. மருந்துக் கடை கவுன்டரில் நின்ற இத்தனை வருஷத்தில் நான் பார்த்த தப்புகளில் பாதி இந்த ஸ்பூனில்தான் ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் டீஸ்பூன் என்று வைத்திருப்பதில் ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 மில்லி பிடிக்கும். இங்கே பரவலாகக் கிடைக்கும் செட்டிரிசின் சிரப்பில் 5 மில்லிக்கு 5 மில்லிகிராம் மருந்து இருக்கும். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 2.5 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லி. டாக்டர் சொன்னால் அதையே காலை, இரவு என்று இரண்டு வேளையாகக் கொடுக்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு மொத்தம் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அப்படியானால் உங்கள் ஒரு ஸ்பூன் ஒரே தடவையில் ஒரு நாள் அளவாகிவிடலாம், பெரிய ஸ்பூனாக இருந்தால் அதையும் தாண்டிவிடும். கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள், கோடு பார்த்து இழுத்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள். துப்பினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே இன்னொரு தடவை கொடுக்காதீர்கள், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சிறுநீரகப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு இந்த அளவே பொருந்தாது, அங்கே டாக்டர் குறைத்துத்தான் எழுதுவார்.

பெயர் ஒன்று போலிருக்கிறதே என்று மாற்றியும் கொடுக்காதீர்கள். லீவோசெட்டிரிசின் வேறு மருந்து, மில்லிகிராம் கணக்கில் அதன் அளவு செட்டிரிசினில் பாதிதான். ஃபெக்சோஃபெனடின் என்ற இன்னொரு அலர்ஜி மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால் தண்ணீரோடு கொடுங்கள், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போனால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

சளி சிரப் விஷயத்தில் பாட்டிலின் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருட்களைப் படியுங்கள். பெரும்பாலும் குளோர்பெனிரமைன் என்று இருக்கும். அதுவும் அலர்ஜி மருந்துதான், பழைய தலைமுறை. செட்டிரிசினோடு அதையும் கொடுத்தால் ஒரே வேலைக்கு இரண்டு மருந்து, தூக்கக் கலக்கம்தான் கூடும். அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் சிரப்பிலும் பல சமயம் லீவோசெட்டிரிசின் கூடவே இருக்கும், கவனியுங்கள். குளோர்பெனிரமைனும் மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே எழுதும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. உங்கள் மகனுக்கு மூன்றரைதான். (2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த இருமல் சிரப் விவகாரம் வேறு, அங்கே டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. ஆனாலும் எந்த சிரப்பையும் பில்லோடு வாங்கி, பேட்ச் எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.)

சரி, பஸ்ஸுக்கு வருவோம். மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பிள்ளை வளர்த்த காலத்து சிரப்புகள் மூளைக்குள் எளிதாகப் போகும், அதனால் அசத்தித் தூங்க வைத்தன. செட்டிரிசின் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது என்பதால் தூக்கத்துக்கு நம்பகமான மருந்தும் இல்லை. சில பிள்ளைகளுக்கு அலர்ஜி மருந்து நேர் எதிராக வேலை செய்து, ஓசூர் தாண்டும் முன்பே ஆட்டம் ஆரம்பித்துவிடும். இருட்டு பஸ்ஸில் பிள்ளை தூங்குகிறானா, மூச்சு மந்தமாகிக் கிடக்கிறானா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? வழக்கமான வேளை அளவு அந்த ராத்திரி வந்தால் அதை மட்டும் கொடுங்கள், ஒரு சொட்டும் கூட வேண்டாம்.

இதெல்லாம் அலர்ஜியாக இருந்தால்தான். காய்ச்சல் இல்லை, மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது, கண்ணும் மூக்கும் அரிக்கிறது, வாரக்கணக்கில் போகிறது என்றால் அலர்ஜி பக்கம்தான் சந்தேகம். வைரஸ் சளிக்கு இந்த சிரப் பெரிதாக எதுவும் செய்யாது. இந்த ஊரில் ஜனவரி, பிப்ரவரி வந்தால் எல்லாரும் தெருவோரத்து ரோஸ் நிற டபேபுயா மரத்தைத் திட்டுகிறார்கள், பாவம், அதன் மகரந்தத்தைச் சுமப்பது தேனீக்கள். காற்றில் பறந்து மூக்குக்குள் போவது புல், காலி மனையில் வளரும் பார்த்தீனியம் போன்றவற்றின் மகரந்தம். படுக்கையிலிருந்து எழும்போதே தும்முகிறான் என்பதால் எனக்கு மெத்தையில் இருக்கும் நுண்பூச்சி மேல்தான் அதிக சந்தேகம். உறை, போர்வையை வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில் துவையுங்கள், பஞ்சு பொம்மைகளைக் கட்டிலை விட்டு எடுங்கள்.

மூக்கடைப்புதான் பெரிய தொந்தரவு என்றாலோ, மூன்று நான்கு வாரம் தினமும் சிரப் தேவைப்பட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு மூக்கு ஸ்ப்ரே வேறு இருக்கிறது. எதையாவது சாப்பிட்டதும் உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்தால் சிரப்பைத் தேடாதீர்கள், அது வேலை செய்யவே ஒரு மணி நேரம் ஆகலாம். அங்கே தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, உடனே 108.

எதனால் அலர்ஜி என்று பார்க்க டாக்டர் தோல் பரிசோதனை எழுதினால் ஒரு வாரம் முன்பே சிரப்பை நிறுத்தச் சொல்லுவார்கள், மருந்து உள்ளே இருந்தால் முடிவு தப்பாக வரும். கடைசியாகக் கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.