'பேனிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

வெறும் பயம் அல்ல. திடீரென்று கிளம்பி, யோசிக்கவிடாமல் ஆளை ஓடவைக்கும் பயம். 'பீதி' ஏறத்தாழப் பொருந்தும். 'கிலி' இன்னும் நெருக்கம் என்பேன்.

சொல்லுக்குள் ஒரு கடவுள் ஒளிந்திருக்கிறார். கிரேக்கத்தின் ஆர்க்காடியா மலைநாட்டு ஆயர்களின் தெய்வம் பான்: ஆட்டுக்கால்கள், தலையில் கொம்பு, கையில் நாணற்குழல். ஆளரவமற்ற மலையில் மந்தை காரணமின்றி மிரண்டு சிதறினாலும், எதிரியே இல்லாத நள்ளிரவில் படைமுகாம் கலைந்து ஓடினாலும் அது பானின் வேலை என்றார்கள். (மாடு மிரண்டால் முனி அடித்தது என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அதுபோல.) பாரசீகர்களை ஏதென்ஸ் படை வென்ற மாரத்தான் போர் நடந்த கி.மு. 490-ஐ ஒட்டி, பானுக்கு ஏதென்ஸ்காரர்கள் அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் கோயில் அமைத்த கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

'பானுக்குரிய' என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கும் முதலில் பெயரடைதான்: 'பானுக்குரிய அச்சம்' என்பதுபோல. பிறகுதான் 'அச்சம்' என்ற சொல் உதிர்ந்து, பான் மட்டும் தனியே நின்றார். 1907-இல் நியூயார்க் வங்கிகளின் வாசலில் பணத்தை எடுக்க மக்கள் முண்டியடித்தபோது, அந்த நெருக்கடிக்கும் இவர் பெயர்தான் கிடைத்தது.