வாசகர் கேள்வி–பதில்: டார்சியர் என்னும் இராக்காட்டுச் சிற்றுயிர்

சென்ற இதழில் இரவில் இரைதேடும் விலங்குகளைப் பற்றி எழுதியபோது, தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் வாழும் டார்சியரை இரண்டே வரிகளில் குறிப்பிட்டுக் கடந்துவிட்டோம். அந்த இரண்டு வரிகளைப் பற்றியே இம்முறை மிகுதியான கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: உள்ளங்கையில் அடங்கும் உடம்பும், உருட்டி உருட்டி விழிக்கும் கண்களுமாக இருக்கும் டார்சியரின் படத்தைப் பார்த்த என் தந்தை, "இது நம் ஊர்த் தேவாங்கேதான்" என்கிறார். இரண்டும் ஒன்றா? – ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: திண்டுக்கல், கரூர் பக்கத்துக் காடுகளில் தேவாங்கைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். இரண்டும் மரத்தில் வாழ்பவை, இரவில் விழித்திருப்பவை, பூச்சி தின்பவை. ஆனால் உறவுமுறையில் இவை வெகு தொலைவில் உள்ளன. தேவாங்கு, மடகாஸ்கரின் லெமூர்களோடு சேர்ந்த ஈரமூக்கு முதனி (குரங்கு, மனிதன் ஆகியோரையும் உள்ளடக்கிய பாலூட்டி வரிசையே முதனிகள்). டார்சியரின் மூக்கோ குரங்குகளுக்கும் நமக்கும் இருப்பதைப் போல் உலர்ந்தது. குரங்கையும் மனிதனையும் உள்ளடக்கிய கிளைக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். நம்மைப் போலவே அதற்கும் உயிர்ச்சத்து 'சி'யைத் தன் உடம்பிலேயே ஆக்கிக்கொள்ளும் திறன் கிடையாது. தேவாங்கினத்துக்கு அது உண்டு. சீனாவில் கிடைத்து 2013-இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஆர்க்கிசெபஸ் என்னும் சிறு விலங்கின் புதைபடிவம், டார்சியரின் கால்வழி எவ்வளவு தொன்மையானது என்பதைக் காட்டுகிறது.

படத்தைப் பார்த்தே பிரித்தறிய ஒரு வழி சொல்கிறோம்: வாலைப் பாருங்கள். தேவாங்குக்கு வெளியே தெரியும் வால் இல்லை. டார்சியருக்கு உடம்பின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளமுள்ள, பெரும்பாலும் மயிரற்ற வால் உண்டு. அதை மரத்தண்டில் ஊன்றிக்கொண்டுதான் அது செங்குத்தாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். மற்றொன்று, தேவாங்கு தாவாது. கிளையைக் கெட்டியாகப் பற்றியபடி அடிமேல் அடி வைத்து நகரும். டார்சியர் தாவிப் பிழைக்கும் பிராணி. அதன் கணுக்கால் எலும்புகள் அசாதாரணமாக நீண்டிருப்பதால்தான், அந்த எலும்புகளைக் குறிக்கும் 'டார்சஸ்' என்ற சொல்லிலிருந்து அதற்குப் பெயரே வந்தது. நூறு கிராமுக்குச் சற்று முன்பின்னாக எடையுள்ள ஓர் உயிர், தன் உடல் நீளத்தைப் போல் பல பத்து மடங்கு தொலைவை ஒரே தாவலில் கடக்கிறது.

இந்தியாவில் டார்சியர் இல்லை. பிலிப்பைன்ஸின் தென்பகுதித் தீவுகள், இந்தோனேசியாவின் சுலவேசியும் அதைச் சூழ்ந்த தீவுகளும், போர்னியோ, சுமத்ரா ஆகியவையே அதன் நாடு.

கேள்வி: அதன் கண்கள் ஏன் அவ்வளவு பெரியவை? – பத்தாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

பதில்: முன் கடிதத்தில் "உருட்டி விழிக்கும் கண்கள்" என்று இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். உண்மையில் அந்தக் கண்களை அதனால் உருட்டவே முடியாது. ஒவ்வொரு கண்ணும் சுமார் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. மூளைக்கு நிகரான, சில இனங்களில் மூளையைவிடச் சற்று மிகையான பருமன் கொண்டது. குழியில் அசைய இடமின்றி அது பதிந்திருப்பதால், பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் தலையையே திருப்பியாக வேண்டும். ஆந்தையைப் போல, முதுகுப்பக்கம் முகம் வரும்வரை இருபுறமும் அதனால் கழுத்தைத் திருப்ப முடியும்.

இரவில் நடமாடும் பூனை, தேவாங்கு போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அவற்றின் கண்கள் மின்னுவது அதனால்தான். டார்சியருக்கு அந்தப் படலம் இல்லை. அதன் முன்னோர்கள் பகலில் உலவி அந்த அமைப்பை இழந்துவிட்டு, பின்னர் இரவு வாழ்க்கைக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று உயிரியலாளர்கள் கருதுகிறார்கள். இழந்த கருவிக்கு ஈடாகக் கண்ணையே பெரிதாக்கிக்கொண்டது என்று சொல்லலாம். இந்தக் கண்ணின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒளிப்படம் எடுப்பது பற்றிய கேள்விக்கும் அது தேவைப்படும்.

கேள்வி: டார்சியர் என்ன சாப்பிடும்? பழம் கொடுக்கலாமா? – இல்லத்தரசி, ஈரோடு

பதில்: பழம், இலை, பூ எதையும் அது தொடுவதில்லை. இன்று வாழும் முதனிகளில் முற்றிலும் உயிர் இரையையே உண்பது டார்சியர் மட்டும்தான். வெட்டுக்கிளி, கரப்பான், வண்டு, சிலந்தி ஆகியவை அதன் அன்றாட உணவு. வாய்ப்புக் கிடைத்தால் பல்லியையும் சிறு பறவையையும் சிறு பாம்பையும்கூடப் பிடித்துவிடும்.

கேள்வி: அது சத்தமே போடாத பிராணி என்று படித்தேன். கூட்டமாக வாழுமா, தனித்தா? – ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகர்கோவில்

பதில்: வெகு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் டார்சியர் வாயைத் திறக்கும், ஓசை எதுவும் கேட்காது. கொட்டாவி விடுகிறது என்று விட்டுவிட்டார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, அது நம் செவிக்கு எட்டாத மீயொலியில் கூவுகிறது என்று காட்டியது. மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உணரும். இதன் குரலின் முதன்மை அலைவரிசை 70 கிலோஹெர்ட்ஸ். கேட்கும் திறனோ 90-ஐத் தாண்டுகிறது. பாம்புக்கும் ஆந்தைக்கும் தெரியாமல் தம் இனத்தோடு பேசிக்கொள்ளவும், பூச்சிகள் எழுப்பும் நுண்ணொலியைப் பிடிக்கவும் இது உதவக்கூடும்.

சுலவேசியின் டார்சியர்களோ நன்றாகக் கேட்கும்படியே பாடுகின்றன. அத்தீவின் வடமுனையிலுள்ள டாங்கோகோ காப்புக்காட்டில், விடியலுக்குச் சற்று முன் குடும்பம் குடும்பமாகத் தம் உறங்கும் மரத்துக்குத் திரும்பும்போது ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவி இணைப்பாட்டுப் பாடும். பெரும்பாலும் அத்தி இனத்தைச் சேர்ந்த, வேறொரு மரத்தைச் சுற்றி வளர்ந்து அதை நெரித்துவிட்ட பெருமரங்களின் பொந்துகளே அவற்றின் வீடு. இப்பாட்டு தீவின் பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது. பாட்டின் வேறுபாட்டையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்தே 2017-இல் வட சுலவேசியில் இரண்டு புதிய இனங்களைப் பிரித்துப் பெயரிட்டார்கள். அவற்றுள் ஒன்று, டார்சியர் ஆய்வில் நெடுங்காலம் ஈடுபட்ட ஷாரன் கர்ஸ்கியின் பெயரைத் தாங்குகிறது. பாம்பு ஒன்று தென்பட்டால் இந்தச் சிறு பிராணிகள் பல ஒன்றுகூடி, கத்திக்கொண்டே அதை நெருங்கிப் பாய்ந்து விரட்டுவதையும் அவர் பதிவுசெய்திருக்கிறார்.

ஆக, கூட்டமா தனிமையா என்பதற்கு இனத்தைப் பொறுத்தே விடை சொல்ல வேண்டும். சுலவேசியில் சிறு குடும்பங்கள். பிலிப்பைன்ஸிலும் போர்னியோவிலும் பெரும்பாலும் தனி வாழ்க்கை.

கேள்வி: வரும் விடுமுறையில் குடும்பத்தோடு பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவுக்குச் செல்கிறோம். டார்சியரைத் தொட்டுப் பார்க்கலாமா, படம் எடுக்கலாமா? தொந்தரவு செய்தால் அது தற்கொலை செய்துகொள்ளும் என்கிறார்களே, உண்மையா? – மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: கேட்டுவிட்டுப் புறப்படுகிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. தொடக்கூடாது. படம் எடுக்கலாம்; ஆனால் மின்வெட்டொளி (ஃபிளாஷ்) இல்லாமல், குரல் எழுப்பாமல், தொலைவில் நின்று எடுக்க வேண்டும். மேலே சொன்ன கண்ணை நினைத்துப் பாருங்கள். நட்சத்திர வெளிச்சத்தில் பூச்சி பிடிப்பதற்கென்று அமைந்த அந்தக் கண்ணின் பாவை, பகலில் ஊசிமுனையளவு சுருங்கிக் கிடக்கிறது. நீங்கள் போகும் நேரம் அதற்கு நடுநிசி மாதிரி. உறங்கும் குழந்தையின் முகத்தில் விளக்கடித்து எழுப்புவதை நாம் விளையாட்டாகக்கூடச் செய்ய மாட்டோம்.

தற்கொலை என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்த விரும்பவில்லை. ஒரு விலங்கின் மனத்தில் அப்படியோர் எண்ணம் இருப்பதாகச் சொல்ல நமக்குச் சான்று இல்லை. அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் துயரமோ உண்மையானது. பிடித்து அடைக்கப்பட்ட டார்சியர் மிரண்டு, கூண்டின் கம்பியிலும் சுவரிலும் மோதிக் காயப்படுவதுண்டு. ஐந்து மீட்டர் தாவக்கூடிய உடம்புக்கு இரண்டடிக் கூண்டு என்ன ஆகும்? இரவெல்லாம் உயிருள்ள இரையைத் தானே தேடிப் பிடித்து உண்ணும் பிராணிக்குக் கையால் ஊட்டும் தீனி போதாது. பகல் முழுவதும் கை மாற்றிக் கை மாற்றிப் பயணிகளிடம் நீட்டப்பட்டு, உறக்கம் கெட்டு, உண்ணாமல் அது நலிந்து சாகிறது. முன்பு பொஹோலில் லோபோக் ஆற்றங்கரையில் இப்படிக் காட்சிக்கு வைப்பது வெளிப்படையாகவே நடந்தது. இப்போது கட்டுப்பாடுகள் வந்துவிட்டன என்றாலும், "டார்சியர் பார்க்க" என்று அழைத்துச் செல்லப்படும் எல்லா இடங்களும் ஒரே தரத்தவை அல்ல.

கொரெல்லா ஊரிலுள்ள டார்சியர் சரணாலயத்துக்குச் செல்லுங்கள். அங்கே வழிகாட்டி முன்னே நடக்க, பேசாமல் காட்டுப் பாதையில் போய், புதரில் ஒட்டியிருக்கும் சிலவற்றைத் தள்ளி நின்று காண்பீர்கள். எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அதைச் சொல்லி வையுங்கள். வாகன ஓட்டியிடம் இடத்தின் பெயரை நீங்களே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: இதை வீட்டில் வளர்க்க முடியுமா? – கல்லூரி மாணவர், சென்னை

பதில்: முடியாது, கூடாது. எல்லா டார்சியர் இனங்களும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. தேர்ந்த பராமரிப்பாளர்களைக் கொண்ட உயிரியல் பூங்காக்களே இதை வளர்த்துப் பெருக்குவதில் தோற்றிருக்கின்றன.

கேள்வி: அழிந்துவரும் இனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு மோசமான நிலை? காப்பாற்ற என்ன செய்கிறார்கள்? – வங்கி அலுவலர், மதுரை

பதில்: நிலைமை தீவுக்குத் தீவு மாறுகிறது. பிலிப்பைன்ஸ் டார்சியர், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அச்சுறுத்தலை நெருங்கிய' நிலையில் உள்ளது. மறுகோடியில், சுலவேசிக்கு வடக்கே உள்ள சியாவ் தீவின் டார்சியர் 'மிக அருகிய' நிலையில் இருக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு தீவின் பெரும்பகுதியைக் கரங்கெடாங் என்ற எரிமலை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் இந்தோனேசியாவில் மிகவும் குமுறும் எரிமலைகளில் ஒன்று. மிச்ச நிலத்தில் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். இந்த இனத்தை அறிவியல் அடையாளம் கண்டு பெயரிட்டதே 2008-இல்தான். பெயரிடும்போதே அது அழிவின் விளிம்பில் நின்றது. உள்ளூரில் அதைப் பிடித்துத் தின்னும் பழக்கமும் இருந்தது.

அதே 2008-இல் ஒரு நல்ல செய்தியும் வந்தது. சுமார் 50 கிராம் எடையுள்ள குள்ள டார்சியர், 80 ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு யார் கண்ணிலும் படாததால் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 2000-இல் எலிப்பொறியில் தற்செயலாகச் சிக்கி ஒன்று இறந்தபோதுதான் ஐயம் பிறந்தது. பிறகு மத்திய சுலவேசியின் லோரே லிண்டு தேசியப் பூங்காவில், பனி மூடிய மலைக்காட்டில், கர்ஸ்கியின் குழுவினர் அதை உயிரோடு பிடித்து, நடமாட்டத்தைத் தொடர உதவும் ரேடியோக் கழுத்துப்பட்டை அணிவித்து விட்டார்கள்.

காட்டை வெட்டுவதும் எரித்து விளைநிலமாக்குவதும்தான் எங்கும் முதல் காரணம். அடுத்து வீட்டுப் பூனைகள், வளர்ப்புக்காகப் பிடிப்பது, பூச்சிமருந்து. ஒரு கணக்கைப் பாருங்கள். பொஹோலில் கழுத்துப்பட்டை அணிவித்துத் தொடர்ந்தபோது, ஓர் ஆணுக்கு ஆறு எக்டேருக்கு மேலும், ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டரை எக்டேரும் நடமாடத் தேவைப்படுவது தெரிந்தது. கைப்பிடியளவு உயிருக்கு ஆறு எக்டேர்! ஆகவே துண்டு துண்டாக எஞ்சிய தோப்புகள் போதமாட்டா. ஆனால் இந்த இனம் கன்னிக்காடுதான் வேண்டும் என்று கேட்பதில்லை. வெட்டியபின் மீண்டும் தழைத்த, கொடியும் புதரும் அடர்ந்த இரண்டாம் தலைமுறைக் காட்டிலும் வாழ்கிறது. நிலத்தைச் சில ஆண்டுகள் சும்மா விட்டாலே அதற்கு இடம் உண்டாகும் என்பதில்தான் எங்கள் நம்பிக்கை இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் 1997-இல் அன்றைய அதிபர் ஃபிடல் ராமோஸ் பிறப்பித்த பிரகடனம், டார்சியரைத் தனிப் பாதுகாப்புக்குரிய விலங்காக அறிவித்தது. 2001-இன் வனவுயிர்ச் சட்டம் அதற்கு வலுச் சேர்த்தது. சட்டத்தைவிட எங்களை நெகிழ வைப்பது கார்லிட்டோ பிஸாரஸ் என்ற பொஹோல்காரரின் வாழ்க்கை. இளமையில் டார்சியரை வேட்டையாடிப் பாடம்செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். காட்டில் அவை குறைந்துகொண்டே வருவதைத் தம் கண்ணாலேயே கண்டு, வேட்டையை விட்டு, கொரெல்லா சரணாலயத்தின் காவலராக மாறினார். 2010-இல் பிலிப்பைன்ஸ் டார்சியரைத் தனிப் பேரினமாகப் பிரித்த ஆய்வாளர்கள், அந்தப் பேரினத்துக்குக் 'கார்லிட்டோ' என்றே பெயர் வைத்தார்கள்.

நம் பக்கம் பார்த்தால், 2022-இல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. உறவு தொலைவானாலும் தேவை ஒன்றுதான்: தொடர்ச்சியான புதர்க்காடு, இருட்டு, தொந்தரவில்லாத பகல்.

கேள்வி: டார்சியர் எத்தனை குட்டி போடும்? – ஏழாம் வகுப்பு மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. தாய் ஏறக்குறைய ஆறு மாதம் சுமக்கிறது; அந்த உருவத்துக்கு இது மிக நீண்ட காலம். பிறக்கும் குட்டி தாயின் எடையில் கால்பங்கு இருக்கும்; மயிர் முளைத்து, கண் திறந்தே பிறக்கும். இரைதேடப் போகும் தாய், குட்டியை வாயால் கவ்விக்கொண்டு போய் ஒரு கிளையில் ஒட்டவைத்துவிட்டு, அருகிலேயே பூச்சி பிடித்துக்கொண்டு அவ்வப்போது திரும்பி வரும். கிளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டி அநாதை இல்லை. யாரும் இரங்கி அதைத் தூக்கிச் செல்லாதவரை, விடிவதற்குள் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.