வாத்தியார் பதில்கள்

கேள்வி: டென்மார்க்கின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் போல் ஹார்ட்லிங் பிரதமராகவும் இருந்தாராம். பிறகு அகதிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போனாராம். அது இறக்கம்தானே?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நம்மூர்தானா! ஒட்டுக்கடைக்கு வந்தே கேட்டிருக்கலாம், தபால்தலைக் காசு மிச்சமாகியிருக்கும்.

ஹார்ட்லிங்கும் என்னைப்போல வாத்தியார்தான். இறையியல் படித்தவர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் 18 ஆண்டுகள் முதல்வர். 1965இல் வென்ஸ்ட்ரே என்ற தாராளவாதக் கட்சிக்குத் தலைவரானார். 1968 முதல் 1971 வரை வெளியுறவு அமைச்சர். 1973 டிசம்பரில் பிரதமரானபோது, 179 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு இருந்தவை வெறும் 22! அதை வைத்துக்கொண்டே ஓராண்டுக்கு மேல் வண்டியை ஓட்டினார். 1975 ஜனவரித் தேர்தலில் 22 இடம் 42 ஆனது. ஆனால் பதவி போய்விட்டது. மதிப்பெண் கிட்டத்தட்ட இரட்டிப்பான பையனை வகுப்பில் நிறுத்திவைத்த கதை.

1978இல் ஐ.நா. அகதிகள் ஆணையரானார்; அலுவலகம் ஜெனீவாவில். அதே ஆண்டில்தான் நம் மலேசியாவின் திரெங்கானுவுக்கு அப்பால் பீடோங் தீவில் முகாம் திறந்தார்கள். 1979 நடுவில் அந்தச் சின்னத் தீவில் படகில் தப்பி வந்த ஏறக்குறைய 40,000 வியட்நாமியர். ஜூலையில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இன்னும் பலரை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் நெரிசல் தளர்ந்தது. 1981இல் நோபல் அமைதிப் பரிசு அவருடைய அலுவலகத்துக்குக் கிடைத்தது. இறக்கம் என்றா சொல்கிறீர்கள்?

கேள்வி: வென்ஸ்ட்ரே என்றால் 'இடது' என்று பொருளாமே? அப்படியானால் இடதுசாரிக் கட்சியா?
– அதே வாசகி

பதில்: பொருள் சரி, முடிவு தவறு. 19ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்களின் வலதுசாரிக்கு எதிராகக் குடியானவர்கள் கட்டிய கட்சி அது. பிறகு சோசலிஸ்டுகள் வந்து இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்; பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

கேள்வி: ரப்பர் தோட்டத்து மக்களுக்கு அந்தப் படகு அகதிகளைப் பற்றித் தெரிந்திருந்ததா?
– ஒரு வாசகர், பாகான் செராய்

பதில்: 1979இல் நான் தோட்டப் பள்ளியில் இருந்தேன். பீடோங் செய்தி வானொலியில் வந்த அன்று, ரப்பர் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு பெரியவர் என் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலுக்கு வந்தார். விரலிடுக்கில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருந்தது.

"நம் தாத்தாவைப்போல அவர்களும் கப்பலில் வந்தவர்கள்தாமே, வாத்தியார் ஐயா?"

"உங்கள் தாத்தாவைக் கங்காணி அழைத்து வந்தார், இறங்கியதும் வேலை இருந்தது. இவர்களுக்குக் கரையிறங்கவே இடமில்லை" என்றேன்.

யோசித்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட சிவப்பு அடையாள அட்டையை எடுத்தார்; குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அட்டை அது. குடியுரிமை கேட்டு எழுதி எழுதி ஓய்ந்தவர் அவர்.

"அந்த ஜெனீவா அலுவலகம் இதையும் பார்க்குமா?"

"அது நாட்டைவிட்டு ஓடி வந்தவர்களுக்கு ஐயா. நீங்கள் பிறந்த லயத்தைவிட்டே நகரவில்லையே!"

சிரித்துவிட்டு, அட்டையைத் துடைத்து மறுபடி உறையில் போட்டுக்கொண்டார்.