பப் மூடிக்கிடக்கிற எஸ்டேட்டில் வீடு எடுக்கலாமா?

தங்கச்சி, லண்டனில் ஈஸ்ட்ஹாமுக்குக் கிட்ட, கவுன்சில் (உள்ளூராட்சி) வாடகைக்குக் கட்டின ஒரு பழைய குடியிருப்புத் தொகுதியில், அதாவது கவுன்சில் எஸ்டேட்டில், இரண்டு அறை வீடு வாடகைக்கு வருகுது, வீட்டுக்காரர் எங்கட ஆள்தான், ஆனால் கீழ பலகை அடிச்சு மூடின பப் (குடிக்கடை) ஒன்று கிடக்கு, கைப்பிள்ளையோட அங்க போகலாமா என்று கேட்டிருக்கிறீங்கள். வங்கிக் கணக்கு, டொக்டரிட்டப் பதியிறது, பஸ் கார்ட் பற்றியும் கேட்டிருக்கிறீங்கள். அதெல்லாம் ஆஸ்பத்திரியில் உங்களோட வேலை செய்யிற மலையாளப் பிள்ளைகள் ஒரு தேத்தண்ணி நேரத்தில் சொல்லித் தருவினம். நான் எஸ்டேட்டைப் பற்றித்தான் சொல்லப்போறன். 86இல் வந்த எனக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது கனிங்டவுனில் அப்பிடியொரு எஸ்டேட்டில்.

எஸ்டேட் என்றாலே கஞ்சா, கத்தி, காவாலிகள் என்று எங்கட ஆக்கள் வெருட்டுவினம். வசதியான புறநகர்களான ஹரோ, பின்னர் (Pinner) பக்கம் தனிவீடு வாங்கிக் குடியேறினவைதான் கூட வெருட்டுறது. அவையில் கனபேர் வந்த புதிதில் இருந்தது கவுன்சில் வீட்டில். அந்த வீடு இல்லாட்டில் சீதனம், சீட்டு, கடைக்கு முதல் எல்லாம் எங்கயிருந்து வந்திருக்கும்? இப்ப அந்தப் பக்கம் காரில் போனாலும் கண்ணாடியை ஏத்திக்கொண்டு போயினம். எனக்கு அது பிடிக்கிறதே இல்லை.

உந்த எஸ்டேட்டுகள் குப்பையாகக் கட்டப்பட்டவை என்று நினைக்காதேங்கோ. யுத்தத்தில் குண்டு விழுந்து தரைமட்டமான கிழக்கு லண்டனை, டொக்டரும் ஆசிரியரும் தொழிலாளியும் ஒரே தெருவில் இருக்கவேணும் என்ற எண்ணத்தோட கட்டி எழுப்பினவை. பொப்ளரில் லான்ஸ்பரி எஸ்டேட்டை ஒருக்காப் போய்ப் பாருங்கோ. 1951இல் பிரிட்டன் விழா என்ற தேசியக் கண்காட்சிக்கே ஒரு காட்சியாக வைத்தது. வீடுகளோட பள்ளிக்கூடம், சேர்ச், சந்தை, பப் எல்லாம் சேர்த்துத் திட்டம் போட்டவை. பிறகு 1961இல் அரசாங்கத்தின்ர பார்க்கர் மொரிஸ் அறிக்கை வந்து, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் வேணும், சாமான் வைக்க எவ்வளவு வேணும் என்றெல்லாம் சொல்லிச்சு. அந்தக் கணக்குப்படி கட்டின வீட்டில் உங்கட பிள்ளை தவழ்ந்து விளையாடும். இப்ப கட்டுற கண்ணாடி மாடியில் கட்டிலைப் போட்டால் அலுமாரிக் கதவு திறக்காது.

ஆனால் ஒரு வகைக் கட்டடத்தில் கவனம். தொழிற்சாலையில் வார்த்த பெரிய கொங்கிறீட் சுவர்களைக் கொண்டுவந்து ஒன்றுக்கு மேல ஒன்றாக அடுக்கிக் கட்டின மாடிகள் அவை. ஈஸ்ட்ஹாமும் கனிங்டவுனும் உள்ள எங்கட நியூஹாம் கவுன்சில் பகுதியிலதான் ரோனன் பொயின்ட் என்ற மாடி இருந்தது. 22 மாடி. சனம் குடிவந்து இரண்டு மாதம்தான். 1968 மே 16 விடியப்புறம், 18ஆம் மாடியில் ஒரு மனுசி தேத்தண்ணி வைக்க அடுப்பைப் பத்த வைக்க, காஸ் வெடிச்சு, ஒரு மூலை முழுக்க மேலயிருந்து கீழவரை சரிஞ்சு 4 பேர் செத்தவை. பிறகு திருத்தி மறுபடியும் சனத்தை ஏற்றினவை! நான் வந்த வருசம்தான் அதை இடிச்சது. இடிக்கேக்க பார்த்தால், சுவர் பொருத்துக்குள் சாந்துக்குப் பதிலாகப் பழைய பேப்பர் அடைஞ்சிருந்ததாம். அந்த மாதிரிக் கட்டடங்கள் இன்னும் இருக்கு. 2017இலும் தென் லண்டனில் சதக்கில் லெட்பரி எஸ்டேட் கோபுரங்களில் வெடிப்பைக் கண்டு காஸை நிற்பாட்டினவை. அதே வருசம்தான் லண்டனில் கிரென்ஃபெல் மாடிக் கட்டடம் எரிஞ்சு 72 பேர் போனது. அதால, கட்டடத்தின் தீப் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கேட்க வெட்கப்படாதேங்கோ.

எஸ்டேட்டுகள் ஏன் பாழாய்ப் போச்சு? கனிங்டவுன், கஸ்டம்ஹவுஸ் பக்கத்துச் சனம் துறைமுக வேலையில் சாப்பிட்டவை. அந்த றோயல் டொக்ஸ் துறைமுகம் 1981இல் மூடுப்பட்டது. அதுக்கு முதல் வருசம் தச்சர் அரசாங்கம் கவுன்சில் வீட்டை இருக்கிறவைக்கே விற்கச் சட்டம் கொண்டுவந்தது, மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி அரைவாசி வரை கழிவு. வாங்கினவைக்கு அது பெரிய காரியம், நான் மறுக்கேல்லை. ஆனால் விற்ற காசில் பெரும்பங்கைப் புது வீடு கட்டக் கவுன்சிலுக்கு விடேல்லை. அப்ப நாட்டில் மூன்றில் ஒரு குடும்பம் அளவில் கவுன்சில் வீட்டில் இருந்தது. நல்ல வீடுகள் முதல் போக, மிஞ்சினதுக்கு வேற வழியில்லாத சனம் மட்டும் வந்துது. எங்கட புளொக்கில் கீழ் வீட்டில் குடியிருந்த காவல்காரரை எடுத்துப்போட்டு வேற ஆள் போடேல்லை. அடுத்த மாரிக்கே லிஃப்ட் மூத்திர நாற்றம்.

பிறகு பப். தட்டைக் கூரை, ஒற்றை மாடி, பியர் ஊறிக் காலில் ஒட்டுற கம்பளம். எங்கட ஆக்கள் அதைத் தாண்ட மற்றக் கரையால நடப்பினம். பயம் வெறும் பயமில்லை. அந்த நாளில் சில பப்புகள் இனவெறிக் கூட்டத்தின்ர கூடாரம். 1991 முடியிற நேரம் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ்ப் பெடியனை அடிச்சு, அவன் சில நாளில் செத்தவன். அதை மறக்கச் சொல்லேல்லை. ஆனால் எங்கட பப்பை நடத்தினது ஒரு ஐரிஷ் மனுசி. நான் குடிக்கிறேல்லை, லெமனேட்டை வாங்கிவைச்சுக்கொண்டு டார்ட்ஸ் எறியப் பழகி அவையின்ர அணியிலும் சேர்ந்திட்டன். என்ர முறை வந்தால் எல்லாருக்கும் நான்தான் வாங்குவன். பாருக்குப் பின்னால ஒரு கொப்பி தொங்கும். கிழமைக்குக் கிழமை சனம் குடுக்கிற காசை அதில் எழுதி, நத்தாருக்கு முதல் திருப்பிக் குடுப்பா, எங்கட ஊர்ச் சீட்டு மாதிரி. எங்களுக்குப் போன் இல்லை. 87 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை நடக்கேக்க, கொழும்பில் இருந்த அண்ணனுக்கு நான் குடுத்தது பப் நம்பர். ஒரு நாள் வேலையால வர, பியர்க் கிளாஸ் வைக்கிற மட்டையின்ர பின்பக்கத்தில் எழுதித் தந்தா: “கொழும்பு. அண்ணன். அம்மா சுகம். ஞாயிறு எடுப்பார்.”

குடிக்கடை மூடினது நல்லதுதானே என்று எங்கட ஆக்கள் சொல்லேக்க எனக்குக் கோபம் வரும். அந்தச் சனம் குடியை விடேல்லை, எங்கட கடையளில் மலிவு டின் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள்ள தனியக் குடிச்சுது. கிழவன் ஒருவர் மூன்று நாள் வராட்டில் கதவைத் தட்ட ஆளில்லாமல் போச்சு. 1989இல் பெரிய பியர்க் கொம்பனிகளின்ர பப்புகளைக் குறைக்கச் சட்டம் வந்து, கன பப்புகள் காணி விலையைக் கணக்குப் பார்க்கிற கொம்பனிகளின்ர கைக்குப் போச்சு. 2007இல் பப்புக்குள்ள புகைக்கத் தடை. கார் நிற்பாட்டுற இடத்தோட கிடந்த எஸ்டேட் பப்புகள்தான் முதல் விலைப்பட்டது. 2000 அளவில் நாட்டில் 60,000 பப். இப்ப 46,000கூட இல்லை. காப்பாற்றவும் ஏலும். கில்பேர்னில் கார்ல்டன் டவேர்னை 2015இல் அனுமதியில்லாமல் இடிச்சவையைக் கொண்டே வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் பழையபடி கட்டுவிச்சு, 2021இல் திறந்தது. ஊர்ச்சனம் விடாமல் நின்றதால நடந்தது. எங்கட பப்புக்கு அப்பிடி நிற்க ஒருதரும் இல்லை.

இனி வீட்டுக்காரர் “எங்கட ஆள்” என்றீங்கள். அங்கதான் எனக்குப் பயம். நான் வந்து முதல் இருந்த அறை ஒரு தமிழரின்ர. ஒரே மெத்தையில் பகல் வேலைக்காரன் இரவில், இரவு வேலைக்காரன் பகலில் படுக்கிறது. முற்பணம் திரும்பி வரவேயில்லை. இப்பவும் கவுன்சில் வீட்டை மலிவாக வாங்கி, ஹோலைத் தடுத்து அறையாக்கி, புதிதாக வந்த பிள்ளைகளிட்டக் கைக்காசு வாங்குற ஆக்கள் இருக்கினம். கறுவலும் காப்பிலியும் எஸ்டேட்டைக் கெடுத்தவை என்று வாய்கூசாமல் சொல்லுறதும் அவைதான். எங்கட தளத்தில் விடிய விடியப் படிக்கட்டைக் கூட்டினது ஒரு நைஜீரிய அம்மா.

அதால தங்கச்சி, கையில் காசு குடாதேங்கோ. முற்பணம் (டெபொசிட்) ஐந்து கிழமை வாடகைக்கு மேல கேட்க ஏலாது. 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டுப் பத்திரம் தரவேணும். நியூஹாமில் 2013 தொடக்கம் அநேகமான வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் கவுன்சிலிட்ட லைசென்ஸ் எடுத்திருக்கவேணும், இணையத்தில் பார்க்கலாம். பிறகு இதே வீட்டை வாங்குங்கோ என்று ஆசை காட்டினால், கவுன்சில் திட்டமிட்டிருக்கிற பெரிய வேலைகளைப் பற்றி வக்கீலைக் கொண்டு கேளுங்கோ. கூரை மாற்ற, ஜன்னல் மாற்ற என்று வீட்டை வாங்கினவைக்கும் பல ஆயிரம் பவுணுக்குப் பில் வரும்.

வீட்டைப் பின்னேரம் இருட்டினாப் பிறகும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. லிஃப்டில் ஏறுங்கோ. படிக்கட்டில் வாற மனுசிக்கு வணக்கம் சொல்லி, எவ்வளவு காலம் இருக்கிறீங்கள் என்று கேளுங்கோ. இருபது வருசம் என்றால் லைசென்ஸைப் பார்த்துவிட்டு எடுங்கோ. அந்தத் தளத்தில் எல்லாரும் போன மாதம் வந்தவை என்றால் வேண்டாம்.