லுவார் கரையில் ஆறு நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வரும் செப்டம்பரில் நானும் மனைவியும் பிரான்ஸ் போகிறோம். பாரிஸுக்கு ஒதுக்கியது போக ஆறு நாள் மிஞ்சுகிறது. அதை லுவார் நதிக்கரையில் சைக்கிளில் கழிக்க ஆசை. வாரம் ஒருமுறை முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள்தான். பைகளைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஓட்டியதில்லை. ஓர்லியானில் தொடங்கி ஆற்றின் போக்கிலேயே மேற்கே நாந்த் வரை போனால் இறக்கமாக இருக்கும், சுலபம் என்கிறார் நண்பர் ஒருவர். பன்னிரண்டு அரண்மனைகளைக் குறித்து வைத்திருக்கிறோம். வழியில் ஒயின் சுவைத்துப் பார்க்கவும் எண்ணம், ஆனால் எனக்கு ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. மனைவி சைவம். இந்தத் திட்டம் சரிப்படுமா? எதை விடலாம், எதை விடக்கூடாது?

கு., கோயம்புத்தூர்

அன்புள்ள கு.,

ஓர்லியானிலிருந்து நாந்த் வரை சைக்கிள் பாதை 400 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஆறு நாளில் ஓட்டி முடித்துவிடலாம். ஆனால் ஓட்டுவது மட்டும்தான் நடக்கும். பன்னிரண்டு அரண்மனைகளும் வாசலில் எடுத்த பன்னிரண்டு படங்களாகச் சுருங்கிவிடும். சொமூரில் தொடங்கி அம்புவாஸில் முடியுங்கள். நண்பர் சொன்னதற்கு நேர் எதிராக, மேற்கிலிருந்து கிழக்கே, ஆற்றை எதிர்த்து ஓட்டுங்கள்.

ஆற்றின் போக்கில் போனால் இறக்கம் என்பது கணக்குக்கு நிற்காது. இந்தச் சைக்கிள் பாதை நெவேர் நகருக்கு அருகே தொடங்குகிறது. அங்கே ஆறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அங்கிருந்து அட்லாண்டிக் வரை பாதையின் நீளம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர்கூட இறக்கம் இல்லை. கால் அதை உணராது. காலுக்குத் தெரிவது காற்று. அது பெரும்பாலும் கடலிலிருந்து, மேற்கும் தென்மேற்குமாக வீசும். பாதையின் கணிசமான பகுதி வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் போகிறது. அங்கே மரமோ சுவரோ மறைப்புக்கு இல்லை. பக்கவாட்டுப் பைகளோடு எதிர்காற்றில் போகும்போது, மணிக்கு 18 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் 12-க்கு இறங்கிவிடலாம். அதே காற்று முதுகில் பட்டால் பையின் கனமே தெரியாது. கிழக்குக் காற்று அடிக்கும் வாரங்களும் உண்டு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலையைப் பாருங்கள். அப்படி இருந்தால் இதே பாதையை அம்புவாஸிலிருந்து தொடங்கலாம்.

பாதையில் சொமூர்–அம்புவாஸ் துண்டை மட்டும் சொல்வதற்குக் காற்றை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே அரண்மனை, ஒயின், குகை வீடு எல்லாம் ஒரே கல்லிலிருந்து வந்தவை. துஃபோ என்பார்கள். சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், வெண்ணெய் நிறம். வெட்டியெடுத்த புதிதில் ரம்பத்தால் அறுக்கலாம், நகத்தால் கீறலாம். அரண்மனைகளின் சன்னல் விளிம்பிலும் கூரைச் சாளரத்திலும் அத்தனை நுணுக்கமான செதுக்கு வேலை சாத்தியமானது இந்த மென்மையால்தான். இதே மென்மையால் மழையும் புகையும் பட்டுப் பட்டு மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். எந்தக் காலத்திலும் ஏதாவது ஓர் அரண்மனையில் சாரம் கட்டிக் கல் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கல்லை வெட்டிய இடம் குகையானது. உள்ளே கோடையும் குளிர்காலமும் 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதனால் அது ஒயின் முதிர்வதற்கும் பொருந்தியது, காளான் வளர்ப்பதற்கும் பொருந்தியது. மேலே அதே பாறையில் திராட்சை வேர் இறங்குகிறது. நுண்துளைகள் நிறைந்த கல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வறண்ட மாதங்களில் வேருக்குக் கொடுக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும்.

பாரிஸிலிருந்து தூர் வரை அதிவேக ரயில், அங்கிருந்து வட்டார ரயிலில் சொமூர். ரயிலடி ஆற்றின் வடகரையில் இருக்கிறது, ஊர் தென்கரையில். இடையில் தீவைத் தாண்டி இரண்டு பாலங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட அனுமதிக்கும் வாடகை சைக்கிள் கடைகள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. முன்பதிவு செய்யும்போதே அம்புவாஸில் விடுவோம் என்று சொல்லுங்கள். சொந்தச் சைக்கிளைக் கோவையிலிருந்து கொண்டுபோகும் தொல்லை இந்தத் தூரத்துக்கு வேண்டாம்.

சொமூரிலிருந்து ஷினோன் வரை, ஃபோன்தெவ்ரோ மடத்துக்கு ஏறி இறங்குவதையும் சேர்த்து, நாற்பது கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் மிகச் செறிவான நாள் இது. துர்கான், மோன்சோரோ ஊர்களில் பாறைமுகத்திலேயே கதவும் சன்னலும் வைத்த வீடுகள் வரிசையாக வரும். அடுத்துள்ள கான்த் என்ற ஊரில் வியென் ஆறு லுவாரில் கலக்கிறது. மோன்சோரோவிலிருந்து மடத்துக்கு நாலைந்து கிலோமீட்டர், ஏற்றம். 1101-இல் தொடங்கிய மடம்; ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் ஒரு தலைவியின் ஆளுகையில் இருந்தார்கள். 1804 முதல் 1963 வரை சிறைச்சாலை. இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றி, அரசி எலினோர், மகன் ரிச்சர்ட் ஆகியோரின் படுத்த உருவங்கள் இங்கே துஃபோவில் செதுக்கப்பட்டவை. பக்கத்தில் இருக்கும் நான்காவது, ஹென்றியின் மருமகள் இசபெல்லாவினுடையது, மரம். வித்தியாசத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள்.

மறுநாள் காலையை ஷினோனுக்கே கொடுங்கள். 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் இளவரசன் சார்லஸைச் சந்தித்த கோட்டை இது. பிற்பகலில் ஊசே வழியாக அஸே-லெ-ரிதோ, முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில். ஷினோனை விட்டதும் ஒரு மேடு உண்டு, பிறகு சமதளம். அஸே அரண்மனை ஆந்த்ர் ஆற்றின் தீவில் நிற்கிறது; சிறியது, என் கணிப்பில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே அளவு சரியாக அமைந்த கட்டடம். அடுத்த நாள் பதினொரு கிலோமீட்டரில் வில்லாந்திரி. அங்கே உள்ளறைகளை விடலாம், தோட்டத்தை விடக்கூடாது. 1906-இல் இதை வாங்கிய ஹொவாக்கின் கார்வாயோ மீட்டமைத்த காய்கறித் தோட்டம், ஒன்பது சதுரங்களில் கோலம் போட்டதுபோல் இருக்கும். செப்டம்பரில் பூசணியும் முட்டைக்கோசும் முழு நிறத்தில் நிற்கும். அன்று மாலை ஷேர் ஆற்றங்கரை வழியாகத் தூர். மறுநாள் தென்கரையில் மோன்லுயி வழியாக அம்புவாஸ், முப்பது கிலோமீட்டருக்குள். கடைசி நாள் பைகளை அறையில் வைத்துவிட்டுக் காட்டு வழியே ஷெனான்ஸோ போய்த் திரும்புங்கள். ஷேர் ஆற்றின் குறுக்கே நீளும் அந்த மாளிகைக் கூடம் முதல் உலகப் போரில் மருத்துவமனையாக இருந்தது. தென்கரைப் பாதையிலிருந்து பார்த்தால்தான் அதன் வளைவுகள் முழுதாகத் தெரியும்.

ஷாம்போர் அரண்மனையை விடச் சொல்கிறேன், வருத்தத்தோடுதான். இன்னொரு நாள் கிடைத்தால் அம்புவாஸிலிருந்து ரயிலில் ப்ளுவா போய், அங்கிருந்து ஓட்டலாம்.

ஒயினுக்கு வருகிறேன். இந்தப் பாதையில் இரண்டு திராட்சைகளைத் தெரிந்துகொண்டால் போதும். சொமூர், ஷினோன் சிவப்பு ஒயின் காபர்னே ஃப்ரான். ஷினோனில் ஆற்றோர மணல், சரளையில் விளைந்தது இலேசாக, இளமையிலேயே குடிக்க ஏற்றதாக இருக்கும். துஃபோ சரிவில் விளைந்தது நாக்கைப் பிடிக்கும், பத்தாண்டு தாங்கும். ஒரே பண்ணையில் இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றித் தரச் சொல்லுங்கள். மண் என்ன செய்கிறது என்பது அப்போது விளங்கும். பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கலாக வந்தால் பழம் சரியாகப் பழுக்கவில்லை என்று பொருள். மோன்லுயியிலும் எதிர்க்கரை வுவ்ரேயிலும் வெள்ளை ஒயின், ஷெனான் திராட்சை. செக் என்றால் இனிப்பற்றது, தெமி-செக் பாதி இனிப்பு, முவாலே நல்ல இனிப்பு. புளிப்பு வலுவாக இருப்பதால் இனிப்பு திகட்டாது. செக்கில் தொடங்கி முவாலேயில் முடியுங்கள். தலைகீழாகப் போனால் செக் வெறும் புளிப்பாகத் தெரியும்.

செப்டம்பர் அறுவடை மாதம். சிறிய பண்ணைகளில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். முந்தின நாளே தொலைபேசியில் நேரம் கேளுங்கள். மதியம் 12 முதல் 2 வரை போகாதீர்கள். ஞாயிறு பல இடங்களில் மூடியிருக்கும்.

சுவைப்பதிலும் கணக்கு உண்டு. பிரான்ஸில் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் பொருந்தும். அபராதம் 135 யூரோவில் தொடங்கும். 100 மில்லி ஒயின் ஒன்றுக்கு 0.20 முதல் 0.25 கிராம் ஏறும் என்பது அங்கே பொதுக் கணக்கு. உடல் எடை குறைந்தவருக்கு இன்னும் கூடும். ஆறு ஒயின், ஒவ்வொன்றிலும் 40 மில்லி என்றால் வரம்பைத் தொட்டாயிற்று. மேசையில் இருக்கும் வாளி துப்புவதற்குத்தான். துப்புவதை அங்கே யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. நாளுக்கு ஒரு பண்ணை, அதுவும் ஓட்டம் முடியும் ஊரில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் 37 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் கேளுங்கள். பாதையில் தாரும் வரும், இறுக்கிய சரளையும் வரும். மழை பெய்த மறுநாள் சரளை சேறாகிச் சங்கிலியைத் தின்னும், சிறிய எண்ணெய்க் குப்பி அவசியம். கனம் பின்சக்கரத்தில் இருப்பதால் பின் டயரில் காற்று குறைந்தால், கல்லில் ஏறும்போது டியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைத் துளை விழும். பின்னால் 60, முன்னால் 50 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டு தினமும் காலையில் கையால் அமுக்கிப் பாருங்கள். மணல் சேர்ந்த வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தால் வரும் ஆபத்து வேறு. ஓட்டுவது வலப்பக்கம் என்பது நினைவிருக்கும். மறப்பது, பலகை இல்லாத கிராமச் சந்திப்பில் வலப்புறம் இருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது. சின்னச் சந்திலிருந்து வரும் காருக்கும் அதே உரிமை உண்டு. ஒரு காதில்கூட ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு ஓட்டுவது குற்றம். லுவாரில் குளிக்க இறங்காதீர்கள். மணல்திட்டு திடமாகத் தெரியும், ஆனால் அடியில் புதைமணலும் சுழலும் உண்டு.

உங்கள் மனைவிக்கு இந்தப் பக்கம் பட்டினி வராது. ஃபுவே என்று ஒரு ரொட்டி. விறகடுப்பில் பூரிபோல் உப்பும், சுடச்சுடப் பிளந்து வெள்ளை மொச்சையோ காளானோ ஆட்டுப்பால் சீஸோ வைத்துத் தருவார்கள். மொச்சையைப் பன்றிக் கொழுப்பில் வேகவைப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "நி வியாந்த், நி புவாஸோன்" என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சேன்-மோர் சீஸ் நடுவே வைக்கோல் செருகிய உருளை. வெள்ளை ஒயினோடு நன்றாகப் பொருந்தும். மரபான சீஸ்களில் பால் உறைய விலங்கு ரென்னெட் சேர்க்கிறார்கள் என்பதை அவர் முன்பே அறிந்திருப்பது நல்லது. சமையலறை இரண்டு மணிக்கு மூடினால் இரவு ஏழுக்குத்தான் திறக்கும். பையில் ரொட்டியும் பழமும் எப்போதும் இருக்கட்டும்.

பாட்டில் வாங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். ஒன்று ஒன்றேகால் கிலோ கனம், வெயிலில் பைக்குள் கொதித்தால் ஒயின் கெடும். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கமின்றிக் கொண்டுவரலாம். ஆளுக்கு இரண்டு பாட்டில் அதற்குள் அடங்கும். மோன்லுயியில் ஒரு தெமி-செக் கட்டாயம் எடுங்கள். காரமான சாப்பாட்டோடு எந்தச் சிவப்பு ஒயினைவிடவும் அது ஒத்துப்போகும்.