உரப்பையில் மூன்று குட்டிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன மாதம் விலங்குகளை மதிப்பது பற்றி இங்கே ஒரு கருத்தரங்கு நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரையில் யானைப் படங்கள் காட்டிப் பேசினார்கள். முடிகிற நேரம் ஒரு தகப்பன் எழும்பி, "யானையை மதிக்கச் சொல்லுறியள், சரி. விடிய எழும்பிப் பாத்தா ரெண்டு ஏக்கர் வயல் இல்லை. அதை ஆர் மதிக்கிறது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை பாடசாலை வேலியோரம் யாரோ மூன்று நாய்க்குட்டிகளை உரப்பையில் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் பெட்டை. பைக்குள் என்ன அசைகிறது என்று பார்க்க ஐந்தாம் வகுப்புப் பெடியள் கல்லெறிந்துகொண்டு நின்றார்கள். கருத்தரங்கில் முன்வரிசையில் இருந்த அதே பிள்ளைகள். குட்டிகள் இப்போது என்னிடம். இந்தப் பிள்ளைகளுக்கும் ஊருக்கும் எதிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தகப்பனின் கேள்வி நியாயமானது. காலபோகத்துக்கு, அதுதான் மாரி நெல்லுக்கு, கடன்பட்டு விதைத்து, காவற்கொட்டிலில் ரோர்ச் லைற்றும் யானைவெடியுமாக மாதக்கணக்கில் முழித்திருக்கிற மனிசன் அவர். அவருக்கு மதிப்பைப் பற்றி வகுப்பெடுக்க யாருக்கும் உரிமையில்லை.

என் அப்பு, எங்கள் தாத்தா, முத்தையன்கட்டுக் காட்டில் தேன் எடுத்தவர். காட்டுக்குள் யானை என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார். 'பெரியவர்' என்பார். வழியில் லத்தி, யானைச் சாணம், கிடந்தால் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சூடு இருந்தால், "பெரியவர் இப்பதான் போறார், கொஞ்சம் இருப்பம்" என்று சால்வையை விரித்துப் பாலைமரத்தடியில் இருந்துவிடுவார். வெற்றிலை போட்டு முடியும்வரை எழும்பமாட்டார். பாலைப்பழக் காலத்தில் கரடி மரத்திலேயே இருக்கும் என்று எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார். மதிப்பு, பொறுப்பு என்ற சொற்களை அவர் பாவித்து நான் கேட்டதில்லை.

2009-இல் போருக்குள் எல்லாரும் ஊரை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வளவுக்குள் ஆளுயரத்துக்குப் பற்றை. நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் வயல் யானைகளுக்கு வழியாகியிருந்தது. அப்பு திரும்பி வரவில்லை. முகாமில் நடை பழகிய பிள்ளைகளுக்கு லத்தியில் சூடு பார்க்கச் சொல்லிக்கொடுக்க யாரும் மிஞ்சவில்லை. உங்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று கிழவர்கள் இருப்பார்கள். திரையையும் படத்தையும் விட்டுவிட்டு அவர்களைக் கூப்பிட்டு வகுப்பில் இருத்துங்கள். கேள்வி கேட்ட அந்தத் தகப்பனையும் கூப்பிடுங்கள். எந்த மாதம், எந்தப் பக்கத்தால், எத்தனை யானை வருகிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கருத்தரங்குக்காரருக்குத் தெரிந்திராது.

ஆனால் தொடங்கச் சொன்னால், நான் அந்த உரப்பையிலிருந்துதான் தொடங்குவேன்.

யானைப் பிரச்சினையை ஒரு ஊர் தனியாகத் தீர்க்கமுடியாது. 2022, 2023 இரண்டு வருடங்களிலும் இலங்கையில் வருடத்துக்கு 400-க்கும் மேல் யானைகள் செத்தன, 100-க்கும் மேல் மனிதர்கள் யானையால் செத்தார்கள். வேலி போட வேண்டும், போட்ட வேலியைப் பராமரிக்க வேண்டும், காட்டு வழிகளை மறிக்காமல் விட வேண்டும். திணைக்களங்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிற வேலை அது. கட்டாயம் மல்லுக்கட்டவேண்டியதுதான். பெட்டைக்குட்டியை என்ன செய்வது என்பதை ஊர் இந்த மாதமே முடிவெடுக்கலாம்.

ஒரு பெட்டைநாய் ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும், வருடத்துக்கு இரண்டு தடவையும் போடும். கடுவனுக்கு ஆள் வரும், பெட்டையை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்புறம் உரப்பை, சந்தை வாசல், கோயிலடி, காட்டோரம். அதில் தப்புகிறவைதான் கட்டாக்காலி நாய்களாகிக் கூட்டமாகத் திரிந்து மான்குட்டிகளைக் கலைத்துப் பிடிக்கின்றன. நாயைத் தேடிச் சிறுத்தையும் ஊரோரம் வரும், நாய் அதற்குச் சுலபமான இரை. வளர்ப்பு விலங்கு வேறு பாடம், காட்டு விலங்கு வேறு பாடம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வன்னியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிகூட இல்லை.

2018 யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்குள் வந்த சிறுத்தை, வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர் ஒருவர் உட்பட சுமார் பத்துப் பேரைக் காயப்படுத்தியது. சனம் அதை அடித்துக் கொன்றது. செத்த உடலோடு எடுத்த படங்கள் நாடெங்கும் போயின, ஆட்கள் கைதானார்கள். அந்தச் சனத்தைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியவர்கள் பலர். எனக்கு அது வலித்தது. அந்தச் சிறுத்தைக்காகவும் வலித்தது. சுற்றி நூறு பேர் நின்றால் சிறுத்தைக்கு வெளியே போக வழியில்லை, வழியில்லாதது பாயும். கூட்டம் கூடாதே, பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் எடு, காட்டுப் பக்கத்தைத் திறந்து விடு, அலுவலருக்குச் சொல்லு. இதை முதலே அந்த ஊருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அன்றைக்கு அப்படி முடிந்திருக்குமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

விசர்நாய்க்கடி பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், பயமுறுத்தாமல். நாய் கடித்தாலோ கீறினாலோ வீட்டில் ஏச்சு விழும் என்று மறைப்பார்கள். மறைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பச்சிலை கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நோய்க்குறி தெரிந்தபிறகு வைத்தியம் இல்லை. நாய்க்கான தடுப்பூசி வருடம் ஒருதரம் போட்டால் போதும், சுகாதாரத் துறை இலவசமாகவே போடுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கால்நடை வைத்தியரையும் பாடசாலை முற்றத்துக்கே கூப்பிடுங்கள். கருத்தடைக்கும் நாள் கேளுங்கள். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் இரண்டும் சேர்ந்து கடிதம் கொடுத்தால் வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கட்டும். அந்த ஒரு காலை போதும்.

கட்டுத்துவக்கு (மிருகம் தட்டினால் வெடிக்கக் கட்டி வைக்கிற துவக்கு), கம்பிக் கண்ணி, பன்றிக்கென்று இழுக்கிற கள்ளக் கரண்ட் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. 1937-இலிருந்து தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கண்ணியில் எங்கள் மாடும் அகப்படுகிறது, கரண்டில் எங்கள் பிள்ளைகளும் சாகிறார்கள், இது ஊருக்குத் தெரியும். வாய்வெடி, தீனிக்குள் ஒளித்து வைக்கிற, கடித்தால் வெடிக்கிற வெடி, அதைப் பற்றி மட்டும் ஒன்று. காயப்பட்ட யானைக்குட்டி ஒன்றை ஒரு குளத்தில் பார்த்தேன். தும்பிக்கையால் தண்ணீரை எடுத்து வாய்க்குள் விட்டது. தாடை இல்லை. தண்ணீர் அப்படியே கீழே கொட்டியது. திரும்ப எடுத்தது. நான் நின்ற நேரம் முழுக்க அதையே செய்தது. பன்றிக்கென்று பூசணிக்காய்க்குள் வைத்தது அது. வைத்தவரும் இதைப் பார்த்திருந்தால் இன்னொருதரம் வைக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

பெடியளுக்கு அடி போடாதீர்கள். என்னவென்று தெரியாத பையைக் கண்டால் வன்னிப் பிள்ளை தூரத்தில் நின்று கல்லெறிந்துதான் பார்க்கும், அது கண்ணிவெடி கிடந்த மண்ணில் பழகிய பயம் என்பது உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரு வீட்டுவேலை கொடுங்கள். 'ஊரை விட்டுப் போன அன்று மாட்டையும் நாயையும் என்ன செய்தீர்கள்' என்று அம்மாமாரிடமும் அம்மம்மாமாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். ஷெல் விழுந்துகொண்டிருக்க, உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றிய பிறகு, மாட்டுக் கயிற்றை அறுத்துவிடவில்லை என்று என் அம்மா இறங்கித் திரும்பிப் போனார். அப்பா கத்திக்கொண்டு நின்றார். கட்டிக்கிடந்தால் பட்டினியில் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எங்காவது மேயும் என்றார் அம்மா. இப்படிக் கதை இல்லாத வீடு உங்கள் வகுப்பில் இருக்காது. அதை வாசித்து முடித்த பிறகு குட்டிகளை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். கல்லெறிந்தவர்களிடமே சாப்பாட்டு முறையைக் கொடுங்கள். சாப்பிடும்போது தொடக்கூடாது, குட்டி தானாக வந்து மணந்து பார்க்கும்வரை கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டும், பிறகு கை கழுவவேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆவணியில் மாங்குளம் பக்கம் வருகிறேன், அங்கிருந்து உங்களிடம் வருவேன். மூன்றில் ஒன்றை எனக்கு வையுங்கள். எது நோஞ்சானாக இருக்கிறதோ, அதைத் தாருங்கள்.

அன்புடன்,
அக்கா